ரத்தக்கட்டு பச்சையாகிவிட்டது, கீறிவிடலாமா?

கேள்வி: ஐயா, கோத்தகிரிப் பக்கம் கேரட் போடுகிறோம், கூடவே இரண்டு மாடு. பத்து நாள் முன்பு சமவெளிச் சந்தையில் ஒரு ஜெர்சி கலப்புப் பசு வாங்கி, பிக்கப் வண்டியில் மலையேற்றிக் கொண்டுவந்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் உள்தொடையிலும் மடியின் முன்பக்கத்திலும் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. இடுப்பில் தேங்காய் அளவு வீக்கம், தொட்டால் தளதளவென்று இருக்கிறது. மூன்று நாள் பால் லேசாகச் சிவந்து வந்தது, இப்போது சரியாகிவிட்டது. ஆனால் கன்றிய இடம் பச்சையாகி, ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருக்கிறது. உள்ளே அழுகுகிறது, வீக்கத்தைக் கீறிக் கெட்ட ரத்தத்தை எடுத்துவிடு என்கிறார்கள். தரகரோ உங்கள் கொட்டகையில் பட்ட அடி என்கிறார். நிறத்தைப் பார்த்து எப்போது அடிபட்டது என்று சொல்ல முடியுமா?

பதில்: முதலில் கத்தியைக் கீழே வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்தப் பச்சை ஆறிவரும் அடையாளம்தான்.

அடிபட்டுக் குழாய் உடைந்து தசைக்குள் கசிந்த ரத்தம் திரும்பக் குழாய்க்குள் போகாது. அங்கேயே பிரித்து எடுக்கப்பட வேண்டும். கசிந்த சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இழந்ததும் கருஞ்சிவப்பாகிறது. தோலுக்கு அடியில் இருப்பதால் நமக்கு நீலமாகத் தெரிகிறது. அடுத்து, உடலின் துப்புரவு அணுக்கள் அங்கே திரண்டு வந்து சிவப்பணுக்களை விழுங்குகின்றன. ஹீமோகுளோபினில் உள்ள புரதப் பகுதி அமினோ அமிலங்களாக உடைந்து மறுபடி பயன்பாட்டுக்குப் போகிறது. மிச்சமிருப்பது ஹீம் என்ற, இரும்பைச் சுமக்கும் வளையம். அதை ஒரு நொதி வெட்டித் திறக்கும்போது இரும்பு விடுபடுகிறது, துளியளவு கார்பன் மோனாக்சைடும் வெளியேறுகிறது, வளையம் பிலிவெர்டின் என்ற பச்சைப் பொருளாகிறது. உங்கள் பசுவின் தொடையில் தெரிவது அதுதான். இன்னொரு நொதி பிலிவெர்டினைப் பிலிருபினாக மாற்றும். அது மஞ்சள், மஞ்சள் காமாலையில் கண்ணில் ஏறுகிற அதே சரக்கு. அது ரத்தத்தில் ஏறி ஈரலுக்குப் போய், பித்தத்தோடு சாணத்தில் வெளியேறிவிடும். வேலை ஓரத்திலிருந்து உள்நோக்கி நடப்பதால்தான் விளிம்பு மஞ்சளாகவும் நடு இன்னும் கருத்தும் இருக்கிறது. கடைசியில் கொஞ்ச நாள் பழுப்புக் கறை நிற்கலாம். அது ஹீமோசிடரின் என்ற வடிவில் தங்கிய இரும்பு; அதுவும் மெல்லக் கரைந்து எலும்பு மஜ்ஜைக்குத் திரும்பும்.

இதனால்தான் இந்தப் பசுவுக்கு 'ரத்தம் போச்சு' என்று இரும்புச்சத்து ஊசி போடுவது வீண் செலவு. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு. வீக்கத்துக்குள் அரை லிட்டர் ரத்தமே தேங்கியிருந்தாலும் அதன் இரும்பு பெரும்பாலும் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. வெட்டுக்காயத்தில் தரையில் கொட்டிய ரத்தத்தின் கணக்கு வேறு.

அழுகல் எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மடி அழுகினால் அந்தப் பக்கம் சில்லிட்டுப்போகும், நீலம் தெளியாமல் கருத்துக்கொண்டே போகும், பால் தண்ணீராகச் செந்நிறத்தில் நாற்றத்தோடு வரும், மாடு தீனியைத் தொடாது. நம் ஊர்க் குளிரில் விடியற்காலையில் எல்லா மடியும் சில்லென்றுதான் இருக்கும் என்பதால், வெயில் ஏறிய பிறகு புறங்கையால் தொட்டு, அடிபட்ட பக்கத்தைப் பக்கத்துக் காம்பின் பகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதில் ஒரு அறிகுறி தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம், அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இப்போது இடுப்பு வீக்கம். திடீரென்று வந்தது, தளதளப்பு, சூடு இல்லை என்றால் ரத்தக்கட்டுதான். சீழ்க்கட்டி என்றால் நாள் பிடித்து வளரும், சுடும், தொட்டாலே மாடு உதறும். ரத்தக்கட்டைச் சீக்கிரமே கீறினால் உள் அழுத்தம் விட்டு, அடைபட்ட குழாய் மறுபடி ஒழுகும். அதோடு இதுவரை சுத்தமாக இருந்த இடத்துக்குள் நீங்களே கிருமியை ஏற்றுவீர்கள். சின்னது தானாகவே உறிஞ்சப்படும். இரண்டு வாரம் தாண்டியும் வற்றவில்லை என்றால் டாக்டர் ஊசியால் கொஞ்சம் இழுத்துப் பார்த்து முடிவு செய்யட்டும். சாக்லேட் நிறத்தில் வந்தால் பழைய ரத்தம், பயமில்லை. குளிர் ஒத்தடத்துக்கான காலம் போய்விட்டது. இனி வெதுவெதுப்பான ஒத்தடம் போதும். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள்.

வலி ஊசி போட்டால் மருந்தின் பெயரைக் கேளுங்கள். டைக்ளோஃபினாக் மாட்டுக்கு 2006-லேயே தடை செய்யப்பட்டது. அது போட்ட மாடு செத்தால் அதைத் தின்னும் பாறுக் கழுகுகள் சிறுநீரகம் பழுதாகிச் சாகும். அந்தக் கழுகுகள் இன்னும் மிச்சமிருக்கும் சில இடங்களில் நமக்குக் கீழே உள்ள மாயாறு பள்ளத்தாக்கும் ஒன்று. கீட்டோப்ரொஃபன், அசிக்ளோஃபினாக் இரண்டும் 2023-இல் தடைப்பட்டியலில் சேர்ந்தன. மெலாக்சிகாம் போதும்.

தரகர் விவகாரம்: நிறத்தை வைத்து நாள் குறிக்க முடியாது. ஒரே அடி ஒரு மாட்டில் சீக்கிரம் வெளுக்கும், இன்னொன்றில் வாரக்கணக்கில் நிற்கும். மனிதர்களில் பார்த்தவரை, அடிபட்டு 18 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரியாது என்பது ஒன்றைத்தான் ஓரளவு நம்பலாம். வந்திறங்கியபோதே மஞ்சள் இருந்திருந்தால் சந்தைக்கு முன்பே பட்ட அடி என்று சண்டை போடலாம். நீங்கள் பார்த்ததோ கருநீலம். அது சந்தையிலா, கொண்டை ஊசி வளைவிலா, கொட்டகையிலா என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த முறை வண்டியில் ஏற்றும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. சமவெளியிலிருந்து வந்த மாடு உண்ணிக் காய்ச்சலைச் சுமந்து வந்திருக்கலாம். பயண அலுப்பில் அது தலைதூக்கினால், சிவப்பணு ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்து ஹீமோகுளோபின் நேராகச் சிறுநீரில் இறங்கும், காபி நிறத்தில் வரும். நம் மலையில் பெரணியை நெடுநாள் மேய்ந்த மாட்டுக்கும் சிறுநீர் சிவக்கும். அங்கே ரத்தம் வருவது சிறுநீர்ப்பையிலிருந்து. பார்வைக்கு இரண்டும் குழப்பும். சிவந்த சிறுநீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் முழு அணுக்களாக வந்த ரத்தம். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக நின்றால் ஹீமோகுளோபின். அப்படி நின்று, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ரத்தம் பரிசோதிக்க வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸ் வண்டிக்கு 1962 என்ற எண்ணை அழையுங்கள், டம்ளரையும் டாக்டரிடம் காட்டுங்கள்.