கேமிங் கணினி கேள்வி-பதில்: மாடல் எண்ணை முழுசாக எழுதுங்கள்

தீபாவளி போனஸ் நெருங்குகிறது என்பது எனக்கு வரும் கேள்விகளைப் பார்த்தாலே தெரியும். இந்த முறை சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தே நிறைய வந்திருக்கின்றன. ஆனால் பாதிக் கேள்விகளில் மாடல் எண் இல்லை. ‘ஐ5 போட்டது’, ‘என்விடியா கார்டு’ என்று மட்டும் எழுதினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்டிக்கரில் இருப்பதை ஓர் எழுத்து விடாமல் எழுதுங்கள்.

கேள்வி: அண்ணே, ஐ7, 16 ஜிபி ரேம் போட்ட கேமிங் பிசி 900 வெள்ளிக்கு வருகிறது. எடுக்கலாமா? (சுங்கை சிப்புட்)

எந்த ஐ7? இன்டெல் 2008இலிருந்தே ஐ7 சிப் விற்கிறது. இந்த விலைக்கு வருவது பெரும்பாலும் 2600, இல்லாவிட்டால் 3770. ஒன்று 2011இல் வந்தது, மற்றது 2012இல். ஏதோ ஓர் அலுவலகத்தில் பத்து வருஷம் உழைத்துவிட்டு வெளியே வந்த கணினியைத் துடைத்து, கண்ணாடிக் கேஸுக்கு மாற்றி, விளக்கு ஃபேன் நாலு மாட்டி, ‘கேமிங்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். 2022இல் வந்த ஐ3-12100எஃப் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். விண்டோஸ் 11, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெலை முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. காசைக் கையில் வையுங்கள், இன்னும் கொஞ்சம் சேரட்டும்.

கேள்வி: விளக்கு எரியும் ரேம் போட்டால் எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்கள்) கூடுமா?

கூடாது. அந்த அதிகக் காசுக்குப் பெரிய எஸ்எஸ்டி (சேமிப்பு டிரைவ்) வாங்குங்கள்.

கேள்வி: தம்பி, மகன் பாலிடெக்னிக்கில் முதல் செமஸ்டர் படிக்கிறான். பிடிபிடிஎன் கல்விக்கடன் பணம் வந்ததும் 2,500 வெள்ளிக்குள் கேமிங் லேப்டாப் வேண்டும் என்கிறான். படிப்புக்கும் ஆகுமா? (கோல கங்சார்)

ஆகும், அக்கா. அந்தத் தொகைக்கு ஆர்டிஎக்ஸ் 2050 அல்லது 3050 கிராபிக்ஸ் கார்டு போட்டதுதான் கண்ணில் படும். 3050 என்று ஒரே பெயர் இருந்தாலும், லேப்டாப்பில் அதற்கு 35 வாட்டும் கொடுக்கலாம், 80 வாட்டும் கொடுக்கலாம். 35 வாட் கொடுத்தது விளையாட்டில் நன்றாகவே பின்தங்கும். கடையில் ‘கார்டுக்கு எத்தனை வாட்’ என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் மாடல் எண்ணை முழுசாகக் குறித்துக்கொண்டு வந்து, வீட்டில் தேடிப் பார்க்கட்டும். அப்புறம், ரேம் ஸ்லாட் இரண்டு இருக்க வேண்டும். 8 ஜிபியோடு வாங்கினாலும் பிறகு இன்னொரு 8 சேர்க்கலாம். போர்டிலேயே ரேம் பற்றவைத்த மெல்லிய மாடலில் அது முடியாது. கடன் பணம் முழுவதையும் இதில் போட்டுவிட வேண்டாம் என்றும் மகனிடம் சொல்லுங்கள். ஹாஸ்டல் சாப்பாட்டுச் செலவும் அதிலிருந்துதானே போகும்?

கேள்வி: நல்ல லேப்டாப் ஒன்று சொல்லுங்க.

எதற்கு? எவ்வளவுக்கு? என்ன விளையாடுவீர்கள்? ரோப்லாக்ஸ் ஆடுகிறவருக்குத் தேவையானது வேறு, ஜிடிஏ ஆடுகிறவருக்குத் தேவையானது வேறு. மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பதில் தருகிறேன்.

கேள்வி: அண்ணே, கேஸ் வாங்கினேன், 500 வாட் பவர் சப்ளை இலவசமாக உள்ளேயே வந்தது. ஐ5-12400எஃப் இருக்கிறது, ஆர்எக்ஸ் 6600 கார்டு வாங்கப்போகிறேன். கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் வயர் இல்லை, கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளலாம்தானே? (பாகான் செராய்)

போடாதீர்கள். கார்டை வாங்குவதற்கு முன்னால் அந்தப் பவர் சப்ளையைக் கழற்றி, பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 500 என்பது பெரிய எழுத்தில் இருக்கும், அதை விடுங்கள். 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இலவசமாக வரும் யூனிட்டில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 பெருக்கல் 18, 216 வாட். மீதி வாட் எல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கு. இன்றைக்குள்ள சிப்பும் கார்டும் அதைத் தொடுவதே இல்லை. உங்கள் கார்டு 130 வாட் சுமார் இழுக்கும். 12400எஃப் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். போர்டையும் ஃபேனையும் சேர்க்காமலே கணக்கு தாண்டிவிட்டது. அந்த 216கூட லேபிள் சொல்வதுதான். உள்ளே இருக்கும் கப்பாசிட்டரைப் பார்த்தால் அதையும் நம்பத் தோன்றாது.

பின்பக்கம் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது பழைய, மலிவான டிசைன். நம் ஊர் மின்சாரம் 230. யாராவது தெரியாமல் 115க்குத் தள்ளிவிட்டால் அந்த நொடியே வெடிக்கும். 8 பின் வயர் தராத பவர் சப்ளை, ‘நான் இந்தக் கார்டுக்கு ஆனவன் இல்லை’ என்று தானே சொல்லிவிடுகிறது. மோலெக்ஸ் (பழைய நாலு பின் வயர்) கன்வெர்ட்டர் மாட்டி அதன் வாயை அடைக்காதீர்கள். உருகிப்போன கன்வெர்ட்டர்கள் என் மேசை டிராயரில் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன.

இதில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. செம்பனை ஆலையில் ஓவர்டைம் செய்து ஏழெட்டு மாதம் சேர்த்த காசில் ஒரு பையன் கணினி கட்டினான். கார்டு, சிப், மானிட்டர் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினான். பவர் சப்ளை மட்டும் கேஸோடு வந்தது. மூன்றாவது வாரம் என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். பவர் சப்ளை போகும்போது போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது. கார்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவன் இன்னும் உரிக்கவில்லை. விற்ற கடை, ‘நீங்களே மாட்டியது, வாரண்டி கிடையாது’ என்று சொல்லிவிட்டது. நல்ல 550 வாட் புரோன்ஸ் (வெண்கலத் தர) யூனிட் ஒன்று 200 வெள்ளி சுமாருக்குக் கிடைத்திருக்கும். அந்த 200ஐ மிச்சம் பிடிக்கச் சொன்னவர்கள் யாரும் அவனோடு வந்து நிற்கவில்லை.

80 பிளஸ் புரோன்ஸ் என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று, பாதுகாப்புக்கான சான்று இல்லை. அதனால் பெயர் தெரிந்த கம்பெனி, ஐந்து வருஷ வாரண்டி, இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

அதோடு எர்த். பழைய லயத்து வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் வயர் வந்து சேர்ந்திருக்காது. கேஸின் இரும்பைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கிறதா? முதலில் வயர்மேனைக் கூப்பிடுங்கள், கணினி அப்புறம். எர்த் இல்லாத வீட்டில் சர்ஜ் புரொடெக்டர் வாங்கி மாட்டியும் பெரிய பயன் இல்லை. அக்டோபர், நவம்பரில் சாயங்காலம் வானம் இருட்டினால் சுவிட்சை மட்டும் அணைக்காமல் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். லேன் வயரையும் பிடுங்குங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

கேள்வி: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ புதுசு, 120 வெள்ளி என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா? (தாப்பா)

படத்தில் கார்டின் பின்பக்கம் நீல நிற விஜிஏ துளை தெரிகிறதா? அந்த வரிசைச் சிப்பில் விஜிஏ கிடையாது. தெரிந்தால் பழைய கார்டுக்குள் பெயரை மாற்றி எழுதி விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் வந்துவிட்டது என்றால் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் போலி என்று அதுவே காட்டிவிடும். ஆர்எக்ஸ் 580 வாங்குகிறவர்களும் கவனியுங்கள். பெயருக்குப் பின்னால் 2048எஸ்பி என்று இருந்தால் அது ஏறக்குறைய 570தான். இதற்காகத்தான் முழு எண்ணையும் கேட்கிறேன்.

கேள்வி: ரைசன் 5 5600ஜி, தனிக் கார்டு இல்லை, 16 ஜிபி ஒரே ரேம். டோட்டா 2 திக்குகிறது.

ஒற்றை ரேம்தான் காரணம். அந்தச் சிப்பின் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒரே ரேம் என்றால் டேட்டா போகும் வழியும் ஒன்றுதான். அதே வேகத்தில் இன்னொன்று வாங்கி, போர்டு புத்தகத்தில் சொன்ன இரண்டு ஸ்லாட்டில் போடுங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கன்னாபின்னாவென்று ஏறிவிட்டதால், வாரண்டியோடு பழையது கிடைத்தாலும் எடுக்கலாம்.

கேள்வி: விண்டோஸ் 11க்கு மாறியதும் வாலரண்ட் விளையாட்டு திறக்க மாட்டேன் என்கிறது.

பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளையும் ஆன் செய்யுங்கள். அதற்கு முன் டிஸ்க்கைப் பிரித்த முறை ஜிபிடியா (புதியது) எம்பிஆரா (பழையது) என்று பாருங்கள். எம்பிஆர் என்றால் முதலில் அதை மாற்ற வேண்டும், பைல்களையெல்லாம் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு.

கேள்வி: மதியம் விளையாடினால் லேப்டாப் அணைந்துவிடுகிறது. இரவில் சரியாக ஓடுகிறது. (சுங்கை சிப்புட்)

சிங்க் கூரை வீடா? மதிய வெப்பத்தில் லேப்டாப் சூடேறித் தானே அணைந்துவிடும். மாடல் எண் எழுதவில்லை, வயதும் எழுதவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் திறந்து தூசி எடுத்து, சிப்பின் மேல் பூசிய வெப்பப் பேஸ்ட்டை மாற்ற வேண்டும். மெத்தை மேல் வைத்து விளையாடாதீர்கள்.

கேள்வி: மூன்று மாதத்தில் மானிட்டர் போய்விட்டது. கடைக்காரர் ஒரு வருஷ வாரண்டியை மதிக்க மாட்டேன் என்கிறார். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை. (பீடோர்)

வழக்கறிஞர் தேவையில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது, மலாயில் ‘திரிபூனல் துந்துத்தான் பெங்குனா’. கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம். ரசீதை எடுத்துக்கொண்டு போங்கள். கடை ரசீதில் அச்சு சில மாதத்தில் மங்கிவிடும், இன்றைக்கே ஒரு படம் எடுத்து வையுங்கள்.