குளம் பச்சையாகிறது, யூரியாவைக் குறைத்தால் மகசூல் போகுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் பாமணியாற்றுப் பாசனத்தில் நான்கு ஏக்கர் சம்பா நடவு. ஏக்கருக்கு 4 மூட்டை யூரியா, 2 மூட்டை டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த உரம்) போடுகிறேன். வடிகால் சேரும் குளம் பாசி பிடித்து நாறுகிறது. உரத்தால்தான் என்கிறார்கள். அபராதம் வருமா? உரத்தைக் குறைத்தால் மகசூல் போகுமா?

பதில்: வயலில் உரம் போட்டதற்காக விவசாயிக்கு அபராதம் போடும் சட்டம் இங்கே கிடையாது. அந்தப் பயத்தை விடுங்கள். ஆனால் ஊரார் சொல்வதில் உண்மை இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். மத்திய, நீண்ட கால ரகங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 20 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்). நீங்கள் போடுவதோ சுமார் 100 கிலோ, 46 கிலோ! மிச்சத்தைப் பயிர் தின்னாது. தழைச்சத்தில் ஒரு பங்கு காற்றோடு போகும். மற்றதில் ஒரு பகுதி வடிகாலில் இறங்கும். குளத்துப் பாசிக்கு முக்கியத் தீனி மணிச்சத்து. தப்பியது முத்துப்பேட்டை அலையாத்திக் காயலுக்குப் போய்ச் சேரும். ஏக்கருக்கு இரண்டரை மூட்டை யூரியா, ஒரு மூட்டை டிஏபி போதும். 1,750 ரூபாய் போல மிச்சம்.

ரகம் எதுவென்று நீங்கள் எழுதவில்லை. வெள்ளைப் பொன்னி என்றால் மேலே சொன்ன தழைச்சத்துக் கணக்கு செல்லாது. அதில் பாதிதான், 30 கிலோ. கூடினால் தழைத்துச் சாயும், பூச்சியும் நோயும் கூப்பிடாமல் வரும். இலையின் பச்சையை ஒப்பிட்டு யூரியா தேவையா என்று பார்க்கும் இலை வண்ண அட்டை வைத்திருப்பவர்களும், நிறம் எந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் யூரியா என்பது மற்ற ரகங்களுக்கு 4, பொன்னிக்கு 3 என்று நினைவில் வையுங்கள். பொன்னியின் இலையே வெளிர்பச்சை. அதைப் பசி என்று எண்ணி மூட்டையைப் பிரித்தவர்களை வருடாவருடம் பார்க்கிறேன்.

நான்கு மூட்டை யூரியா போடச் சொன்னது யார்? உரக்கடைக்காரராகத்தான் இருக்கும். விற்பவரே வைத்தியர் ஆனால் மருந்து குறையுமா? ‘யூரியா வேணும்னா இந்த நுண்ணூட்டப் பாக்கெட்டையும் எடுங்க’ என்றால் மறுத்துவிடுங்கள். கட்டாயப்படுத்தி இணைத்து விற்கக் கூடாது என்பது அரசு உத்தரவு. கடை இயந்திரத்தில் கைரேகை வைத்ததும் பில்லை வாங்கி மூட்டைகளை எண்ணுங்கள். மூன்று வாங்கியவர் பேரில் ஐந்து ஏறும்; மிச்ச யூரியா பிளைவுட் ஒட்டும் பசை செய்யப் போகும், பழி விவசாயி தலையில்.

மத்திய அரசும் சளைத்ததல்ல. 2010-இல் உரத்திலுள்ள சத்தின் அளவுக்கேற்ப மானியம் தரும் சத்து அடிப்படை மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் அதில் சேர்க்காமல் அரசே விலை வைக்கும்படி விட்டார்கள். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, டிஏபி மூட்டை 1,350 ரூபாய். விலை இப்படி இருந்தால் கை எதற்குப் போகும்? மண்ணில் என்ன சத்து உண்டு என்று சொல்லும் அரசின் மண் வள அட்டையும் நன்செய்யில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி என்ற கணக்கில் வந்தது. உங்கள் அட்டையில் இருப்பது பக்கத்து வயல் மண்ணாகவும் இருக்கலாம். சொந்த வயல் மண்ணை எடுத்துப் போய்ப் பரிசோதியுங்கள்.

யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் நான்காகப் பிரியுங்கள். நீரை வடித்துவிட்டுத் தூவி, பிறகு நீர் கட்டுங்கள்; சில நாள் வடிமடையைத் திறக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் திரண்டிருந்தால் அன்றைக்கு மூட்டையைப் பிரிக்காதீர்கள்.