பனிக்கட்டி பார்க்க இவ்வளவு காசா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். மகள் 12-ஆம் ஆண்டு, ஏ-லெவலுக்குப் புவியியல் எடுத்திருக்கிறாள். ஜூலை விடுமுறை தொடங்கியதும் பிரான்ஸில் சாமோனி என்ற இடத்துக்கு ஆல்ப்ஸ் மலை பார்க்கப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போகிறார்கள், 1,100 பவுண்ட் கட்டச் சொல்கிறார்கள். இவர் “பனிக்கட்டி பார்க்க இவ்வளவு காசா, யூடியூப்பில் சும்மா காட்டுகிறானே” என்கிறார். மகளோ போகாவிட்டால் மார்க் குறையும் என்று அழுகிறாள். எனக்கு வேறு பயம். 2025-ல் சுவிஸில் மலை இடிந்து ஒரு கிராமமே புதைந்துபோன வீடியோ கண்ணிலேயே நிற்கிறது. அனுப்பவா, வேண்டாமா?

பதில்: தங்கச்சி, முதலில் மகளின் கண்ணீரைப் பார்ப்போம், ஏனென்றால் அதில் பாதி உண்மை, மீதி பிள்ளைகளுக்கே உரிய கெட்டித்தனம். இங்கிலாந்தில் ஏ-லெவல் புவியியலுக்குக் குறைந்தது 4 நாள் களப்பணி கட்டாயம்தான். தானே ஒரு கேள்வியை எடுத்து, தரவு சேர்த்து, எழுதிக் கொடுக்கிற ஆய்வுக்கு மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம் இருக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் அந்த 4 நாள் ஆல்ப்ஸில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எசெக்ஸ் கடற்கரை, பக்கத்து ஆறு, உங்கள் ஹரோ கடைத்தெரு எல்லாமே களம்தான். விடுமுறையில் போகிற இந்த மாதிரிப் பயணம் பெரும்பாலும் விருப்பப்பட்டவர்களுக்கு. போகாத பிள்ளைக்கு மார்க் வெட்ட மாட்டார்கள். ஆசிரியரிடம் ஒரு வரி எழுதிக் கேளுங்கள், பதில் வரும்.

அதைவிட ஒன்று சொல்கிறேன். அந்த ஆய்வை சாமோனியில் செய்ய வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். அங்கே ஒரு நாள் மழை பெய்தால் தரவு போச்சு, பிறகு திரும்பிப் போய் அளக்க முடியாது. வீட்டுக்குப் பக்கத்தில் என்றால் அடுத்த சனிக்கிழமையே போய் விட்டதைப் பிடிக்கலாம்.

அப்படியென்றால் எதற்கு அனுப்ப வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். நான் புவியியல் படிப்பித்தவள், ஒரு தடவை பிள்ளைகளுக்குத் துணையாக அங்கே போயும் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாமோனியிலிருந்து பல்சக்கர ரயில் ஒன்று மோன்தன்வேர் என்ற இடத்துக்கு ஏறுகிறது, 1909-லிருந்து மேலே வரை ஓடுகிற பாதை. நிலையத்தின் உயரம் 1,913 மீட்டர். நம்முடைய நுவரெலியா 1,868 மீட்டர், ஏறக்குறைய ஒரே உயரம்! நுவரெலியாவில் தேயிலை, இங்கே கீழே பனியாறு, அதாவது மெல்ல நகர்கிற பனிக்கட்டி ஆறு. உயரம் ஒன்று, அகலாங்கு வேறு, அவ்வளவுதான் வித்தியாசம். இதை வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்கத் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறேன், அங்கே நின்றால் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

அந்தப் பனியாற்றின் பெயர் மேர் து கிளாஸ், பனிக்கடல் என்று அர்த்தம். 1741-ல் வந்த விண்டம், போகாக் என்ற இரண்டு ஆங்கிலேயர்களின் புண்ணியத்தில் வந்த பெயர். இன்று நிலையத்து விளிம்பில் நின்று குனிந்து பார்க்கிற பிள்ளைகள் “எங்கே மிஸ் கடல்?” என்றுதான் கேட்பார்கள். தெரிவது சாம்பல் நிறக் கல்லும் மண்ணும், அதற்குக் கீழேதான் பனி. கீழே பனிக்குள் குடைந்த குகைக்குப் போக 1988-ல் கேபிள் கார் போட்டார்கள். அப்போது அதிலிருந்து இறங்கி மூன்று படி வைத்தால் பனி. பனி இறங்க இறங்கப் படிகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள், கடைசியில் ஐந்நூறையும் தாண்டியது. நான் போனபோது சில நூறு படிகள். வழியில் சின்னச் சின்னப் பலகைகள், இந்த வருடம் பனி இந்த மட்டத்தில் இருந்தது என்று. எங்கள் குழுவில் வாயாடிப் பையன் ஒருவன் இருந்தான், தான் பிறந்த வருடத்துக்குக் கிட்டிய பலகையைத் தேடிப் பிடித்தான், கீழே பார்த்தான், அப்புறம் ரயில் ஏறும்வரை அவன் வாயே திறக்கவில்லை. 2024-ல் பழைய கேபிள் காரை விட்டுவிட்டுப் பனியாற்றின் மேல்பக்கமாகத் தள்ளி வேறொன்று திறந்திருக்கிறார்கள். யூடியூப்பில் அந்தப் படிகள் தெரியும், முழங்கால் வலி தெரியாது. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. 1842-ல் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியர் அதே பனியாற்றில் குறி வைத்து அளந்துதான், நடுப்பகுதி ஓரங்களைவிட வேகமாக நகர்கிறது என்று காட்டினார். ஆற்றுத் தண்ணீர் மாதிரியேதான் பனியும். உயரத்திலிருந்து பார்த்தால் பனியின்மேல் வெளிறியதும் கறுத்ததுமாக வளைந்த பட்டைகள் தெரியும், ஒரு ஜோடி ஒரு வருடம். மரத்தை அறுத்து வளையம் எண்ணுகிற மாதிரி எண்ணலாம். பிள்ளைகள் செய்கிற வேலை இதைவிடச் சின்னது. பனி கொண்டுவந்து கொட்டிய கற்களை அளப்பார்கள், முனை மழுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், பாறையில் படிந்த மஞ்சள்பச்சைக் கற்பாசியின் (லைக்கன்) அகலத்தை வைத்து அந்தக் கல் எத்தனை காலமாக அங்கே கிடக்கிறது என்று கணக்குப் போடுவார்கள். அந்தப் பாசி வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த வீடியோ பிளாட்டன் கிராமம், சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் இருக்கிறது. 2025 மே 28 அன்று பாறையும் பனியும் சேர்ந்து இறங்கி ஊரின் பெரும்பகுதியை மூடியது. ஆனால் அந்த வீடியோவில் சொல்லாத விஷயம், அதற்கு 9 நாள் முன்பே சுமார் 300 பேரையும் வெளியேற்றிவிட்டார்கள். மலை அசைவதை அளந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர் இறந்தார், அதை நான் சின்னதாக்கவில்லை. ஆனாலும் பெரிய மலைச்சரிவை நினைத்துத் தூக்கம் கெடுவதைவிட, பள்ளிக்கூடப் பயணத்தில் நிஜமாகவே நடக்கக்கூடிய சின்ன விஷயங்களை நினைத்துக் கவலைப்படுங்கள், அதில் பலன் உண்டு.

உதாரணத்துக்கு ஆறு. பனியுருகி வரும் ஓடை காலையில் சாதுவாக இருக்கும், பின்னேரம் பொங்கும், வெயில் ஏற ஏற உருகுவதால். போதாதற்கு மேலே மின்சாரத்துக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள், திடீரென்று திறந்துவிட்டால் மழையே இல்லாமல் மட்டம் ஏறும். ஓடையின் வேகம் அளக்கப் பிள்ளைகளை இறக்குவார்களா, எந்த ஓடை, எத்தனை மணிக்கு, கரையில் யார் நிற்பது என்று கேளுங்கள். பனியின்மேல் நடக்கப் போகிறார்களா, அல்லது ஓரத்திலிருந்து பார்ப்பதோடு சரியா என்றும் கேளுங்கள். நடப்பதென்றால் தகுதிபெற்ற மலை வழிகாட்டி கூட வர வேண்டும், சாமோனியில் வழிகாட்டிகளின் சங்கம் 1821-லிருந்து இருக்கிறது, ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்தக் கேள்விகளுக்கு ஆசிரியர் யோசிக்காமல் பதில் சொன்னால் நிம்மதியாக அனுப்புங்கள். “அதெல்லாம் பயண நிறுவனம் பார்த்துக்கொள்ளும்” என்றால் நானும் அனுப்ப மாட்டேன்.

காப்புறுதி பள்ளிக்கூடம் எடுத்திருக்கும், ஆனால் அதில் மலை மீட்பு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இலவசமாகக் கிடைக்கிற ஜி.ஹெச்.ஐ.சி. அட்டையும் எடுத்துக் கொடுங்கள், அங்கே அரசு மருத்துவமனையில் வைத்தியம் பார்க்க உதவுகிற அட்டை அது, ஆனால் ஹெலிகாப்டரில் தூக்கி வருவதற்கு உதவாது. கடவுச்சீட்டு திரும்புகிற நாளிலிருந்து 3 மாதமாவது செல்ல வேண்டும். பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லையென்றால் விசா விஷயத்தை இன்றைக்கே பள்ளிக்கூடத்தோடு கதையுங்கள், ஜூனில் ஓடாதீர்கள்.

காசு. 1,100 பவுண்ட் சின்னக் காசு இல்லை, இவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தவணையில் கட்டலாமா, உதவிநிதி உண்டா என்று கேட்க வெட்கப்படாதீர்கள், நம் ஆட்கள் கேட்காமலே விட்டுவிடுகிறோம். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டுமென்றால் வேண்டாம், அவளுக்கு அடுத்த வருடம் பல்கலைக்கழகம் வருகிறது. வேல்ஸில் ஸ்னோடோனியாவுக்கு ஒரு வார இறுதி குடும்பமாகப் போங்கள். பனி போய்விட்டது, ஆனால் பனி செதுக்கிய பள்ளத்தாக்கு அப்படியே இருக்கிறது. கையில் இருக்கிறதென்றால் ஆல்ப்ஸுக்கே அனுப்புங்கள். பனி செதுக்கிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது வேறு, அதுவும் அந்தப் படிகள் கூடிய வேகத்தைப் பார்த்தால் அவள் பிள்ளைகளுக்கு அங்கே எவ்வளவு மிஞ்சும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அந்தப் பக்கத்தில் தார்த்திஃப்ளெட் என்று ஒரு சாப்பாடு, உருளைக்கிழங்கும் சீஸும்தானே என்று நினைப்போம், உள்ளே பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். சன் கிரீம் கட்டாயம். நமக்கென்ன, கறுப்புத் தோல்தானே என்று நான் பூசாமல் போய் இரண்டாம் நாள் மூக்கு உரிந்து நின்றேன். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் போலப் புற ஊதாக் கதிர் கூடும், பனி வேறு கீழேயிருந்து திருப்பி அடிக்கும். மாதவிலக்கு நாள் வந்தால் மலையில் கழிப்பறை எங்கே என்று அவளே கேட்கக் கூச்சப்படுவாள், நீங்கள் பெண் ஆசிரியர் ஒருவரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

அப்புறம் சப்பாத்து. கணுக்காலை மூடுகிற மலைச் சப்பாத்து இப்போதே வாங்கி, போகிற நாள்வரை டெஸ்கோவுக்குப் போகும்போதெல்லாம் அதையே போடச் சொல்லுங்கள். ஃபேஷனாக இல்லை என்று முகத்தைச் சுளிப்பாள், விடாதீர்கள்.