கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தவர் எங்கே ஓடலாம், எந்தப் பந்தயத்தில் பெயர் கொடுக்கலாம்?

எலக்ட்ரானிக் சிட்டியில் தங்கியிருப்பதாகவும், சனி ஞாயிறு கிருஷ்ணகிரிக்கு வந்துவிடுவதாகவும், கே.ஆர்.பி. அணைப் பக்கம் ஐந்து கிலோமீட்டரை அரை மணி நேரத்தில் ஓடுவதாகவும், அடுத்து 10 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றில் ஓட ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

பெங்களூரில் ஓர் இடம் ஓடுவதற்கு ஆகுமா ஆகாதா என்பதைக் கிழமையும் மணியும்தான் முடிவு செய்கின்றன. கப்பன் பூங்கா அதற்கு நல்ல உதாரணம். சுமார் 300 ஏக்கர், மரநிழல், உள்ளேயே தார்ச்சாலை, ஓரத்தில் மண்பாதை. ஆனால் வார நாளில் அந்தத் தார்ச்சாலையில் கார்கள் போகும். ஞாயிற்றுக்கிழமை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பெங்களூர் ஓட்டக்காரர்களில் பாதிப் பேரை அன்று காலை அங்கே பார்க்கலாம். ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஊருக்குப் போகாமல் அங்கே நீண்ட ஓட்டம் ஓடுங்கள். பந்தயங்கள் பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரச் சாலைகளில்தான் நடக்கும், ஏற்ற இறக்கம் காலுக்குப் பழகிவிடும். லால்பாக் 240 ஏக்கர், அதுவும் அருமையான இடம். ஆனால் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வார நாளில் இவ்வளவு தூரம் வருவது ஆகாத காரியம். எலக்ட்ரானிக் சிட்டியின் உள்சாலைகளே போதும். கம்பெனி பஸ்கள் வரத் தொடங்குவதற்குள், ஆறரைக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஓசூர் சாலைக்கும் அதன் சர்வீஸ் ரோட்டுக்கும் ஓட வராதீர்கள். எதிர்த்திசையில் வரும் பைக்தான் அங்கே பெரிய ஆபத்து. நடைபாதை என்று நம்பி ஏறினால் சாக்கடை மேல் போட்ட கற்பலகை ஒன்று ஆடும், இன்னொன்று இருக்கவே இருக்காது. கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் அங்கேதான். வெளிச்சம் வரும் முன் ஓடுவதென்றால் நடைபாதையை விட்டு, வண்டிகள் எதிரே தெரியும்படி சாலையின் வலது ஓரத்தில் ஓடுங்கள். தெருநாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். முதுகைக் காட்டி வேகமெடுத்தால்தான் துரத்தும்.

மண்பாதை வேண்டுமென்றால் அகரா ஏரி, சர்ஜாபூர் சாலையில் கைகொண்டரஹள்ளி ஏரி. முழங்காலுக்கு இதமாக இருக்கும். நடப்பவர்கள் அதிகம், வேகமாக ஓடும் இடமில்லை அது.

வேகப் பயிற்சியை ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம். 400 மீட்டர் டிராக்கில் உள்வரிசையில் 25 சுற்று ஓடினால் சரியாகப் பத்து கிலோமீட்டர். எட்டாவது வரிசையில் ஒரு சுற்றே ஏறக்குறைய 453 மீட்டர் வந்துவிடும். இதைக் கவனிக்காமல் 'இன்று மெதுவாகிவிட்டேன்' என்று வருந்துபவர்கள் பலர். உங்கள் வேகத்துக்கு ஆறு சுற்று, ஒவ்வொன்றும் 2 நிமிடம் 20 விநாடி, இடையில் 90 விநாடி நடை. வாரம் ஒருமுறை இது போதும். இன்னொரு நாள் நீண்ட ஓட்டம். ஆறில் தொடங்கி வாரம் ஒரு கிலோமீட்டராகக் கூட்டி 12 வரை கொண்டு போங்கள். கிருஷ்ணகிரி ஐந்நூறு மீட்டர் உயரத்தை ஒட்டியது, பெங்களூர் ஏறக்குறைய 900. இந்த வித்தியாசத்தால் மூச்சு வாங்காது. மேடுகள்தான் வாங்க வைக்கும். மேட்டுப் பயிற்சிக்கு மலைச்சாலை தேடிப் போங்கள், தேசிய நெடுஞ்சாலை மட்டும் கூடாது.

பந்தயம் என்றால் முதலில் பெங்களூரில் நடக்கும் 10 கிலோமீட்டர் பந்தயமான டிசிஎஸ் வேர்ல்ட் 10கே. 2008-இல் தொடங்கியது, அண்மை ஆண்டுகளில் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ நடக்கிறது. நல்ல ஏற்பாடு, தண்ணீர், மருத்துவ உதவி எல்லாம் உண்டு. ஆனால் கூட்டம் அதிகம். முன்பு ஓடிய நேரச் சான்றிதழ் கொடுத்தால் உங்களை முன்பகுதியில் நிறுத்துவார்கள். இல்லையென்றால் நடப்பவர்களுக்குப் பின்னால் நின்று முதல் கிலோமீட்டரை வீணாக்குவீர்கள். ஆகவே அதற்கு முன் சிப் வைத்து நேரம் கணக்கிடும் சின்ன 10 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றை ஓடிச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பெங்களூர் மாரத்தான், தூரம் கூடிய பிறகு அதில் அரை மாரத்தான் ஓடலாம். சென்னை மாரத்தான் ஜனவரியில். குளிர்மாதம்தான், ஆனாலும் கடற்கரைப் புழுக்கத்தில் நம் பக்கத்து வேகம் வராது. அங்கே கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து விநாடி விட்டுக்கொடுத்தே திட்டமிடுங்கள்.

ஊரிலிருந்து வருபவர்கள் இடறுவது ஓட்டத்தில் இல்லை, மார்பில் குத்தும் எண் அட்டையை வாங்குவதில். பெரிய பந்தயங்களில் பந்தயத்தன்று காலையில் எண் தர மாட்டார்கள். முந்தின இரண்டு மூன்று நாட்களில் அடையாள அட்டையோடு போய் வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் வாங்கிவிட்டு, அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போகாமல் அங்கேயே தங்குங்கள். சிப் பெரும்பாலும் அந்த எண் அட்டையின் பின்புறமே ஒட்டியிருக்கும். அதை மடிக்காமல், நான்கு மூலையிலும் ஊக்கு குத்தி, பனியனுக்கு முன்பக்கம் மாட்டுங்கள். மேலே ஜாக்கெட் போட்டு மூடினால் நேரம் பதியாமல் போகலாம்.

இன்னொரு சிக்கல் மெட்ரோ. பொம்மசந்திராவிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாக ஆர்.வி. ரோடு வரை மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது, ஆனால் ஞாயிறு காலை மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும். பெரிய பந்தய நாட்களில் அதிகாலைச் சிறப்பு ரயில் விடுவதுண்டு. அந்த வாரம் அறிவிப்பைப் பாருங்கள், இல்லையென்றால் முந்தின இரவே ஆட்டோவோ வண்டியோ பேசி வையுங்கள்.

ஐந்து கிலோமீட்டர் அரை மணி என்றால் பத்துக்கு 62, 63 நிமிடம் நியாயமான இலக்கு, அதாவது கிலோமீட்டருக்கு 6:15. முதல் இரண்டை 6:30-இல் ஓடுங்கள். கையில் கட்டிய ஜி.பி.எஸ். கடிகாரம் கடைசியில் 10.2 கிலோமீட்டர் காட்டினால் தூரத்தைத் தவறாக அளந்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பந்தயத் தூரத்தை வளைவுகளின் மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள், கூட்டத்தில் நாம் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை. அந்த 200 மீட்டருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், இலக்கு போடும்போதே அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.