கதவில் எழுதாத பதவி

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பிரிட்டனின் முதல் பிரதமர் ராபர்ட் வால்போல், 1721 என்று கையேட்டில் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்த முதலாம் ஜார்ஜ் மன்னருக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் அமைச்சரவைக் கூட்டத்துக்கு வராமல் நின்றுவிட்டார், அப்படித்தான் பிரதமர் பதவி பிறந்தது என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். ஆனால் நான் பிரதமரே இல்லை என்று வால்போல் நாடாளுமன்றத்தில் மறுத்ததாக வேறோர் இடத்தில் படித்தேன். எது சரி? எந்தச் சட்டத்தால் இந்தப் பதவி வந்தது?

எம்.

அன்புள்ள எம்.,

தேர்வில் கேட்டால் 1721, வால்போல் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டு வாருங்கள். மற்றதை இங்கே பேசிக்கொள்வோம்.

உங்கள் ஆசிரியர் சொன்னது ஒருமுறை கேட்டால் மறக்காத கதை, நானும் பல வருடம் அதை நம்பிக்கொண்டிருந்தேன். 1714-இல் ஹானோவரிலிருந்து வந்த ஜார்ஜுக்கு ஆங்கிலம் தடுமாற்றம்தான், ஆனால் பிரெஞ்சு நன்றாக வரும், அமைச்சர்களோடு அதில் பேசிக் காரியம் நடந்தது. 1717 வாக்கில் கூட்டத்துக்கு வருவதை அவர் நிறுத்தியது உண்மை. மகனோடு பெரிய சண்டை மூண்ட வருடமும் அதுதான். சரி, மொழிதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஜார்ஜ் லண்டனில் பிறந்து ஆங்கிலம் பேசி வளர்ந்தவர், ஆளும் ஆசையும் அவருக்குக் கொஞ்சநஞ்சமல்ல. அவர் ஏன் திரும்பவும் போய் அந்த நாற்காலியில் உட்காரவில்லை?

பணம்தான் விஷயம். மன்னரின் அதிகாரத்தை நாடாளுமன்றம் கட்டுப்படுத்திய 1688 புரட்சிக்குப் பிறகு, அதன் கீழவையான காமன்ஸ் சபை தலையாட்டாமல் மன்னரால் வரி வசூலிக்க முடியாது. பிரான்ஸோடு போர்மேல் போர், போருக்குக் கடன், கடனுக்கு வட்டி, இதற்கெல்லாம் வருஷாவருஷம் காமன்ஸில் நின்று பேசி, ஆள் சேர்த்து, பணம் வாங்கித்தர ஒருவர் வேண்டும். 1720-இல் அரசுக் கடனை ஏற்றுக்கொண்ட தென்கடல் கம்பெனியின் பங்கு 130 பவுன் அளவிலிருந்து 1000 பவுன் வரை ஏறி, சில வாரங்களிலேயே சரிந்து, பாதி லண்டனைத் தெருவில் நிறுத்தியபோது கணக்கு தெரிந்த ஆள் என்று வால்போலைத் தேடினார்கள். 1721-இல் அவருக்குக் கிடைத்தது கருவூலத்தின் முதல் பிரபு, அதாவது அரசின் பணத்துக்குத் தலைவர், என்ற பதவி. 1723-இல் பிரபுப் பட்டம் தருகிறோம் என்றார்கள், அதை மகனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு இவர் காமன்ஸிலேயே உட்கார்ந்துகொண்டார். பட்டத்தை வாங்கினால் பிரபுக்கள் சபைக்குப் போகவேண்டும், பணப்பெட்டியின் சாவியோ கீழே இருக்கிறது. என்னைக் கேட்டால் பிரதமர் பதவியின் பிறந்தநாளாக அந்த மறுப்பைத்தான் சொல்வேன்.

இனி உங்கள் சந்தேகம். அன்றைக்கு ‘பிரதமர்’ என்பது வசவு. மன்னரைக் கைக்குள் போட்டுக்கொண்டு மற்ற அமைச்சர்களை மிதிக்கிறவன், பிரான்ஸில் இருப்பதுபோல ஒருத்தன், என்று அர்த்தம். 1741-இல் அவரை நீக்கச் சொல்லித் தீர்மானம் வந்தபோது அவர் மறுத்தது இந்த வசவைத்தான். அதற்காக அவரை அப்பாவி என்று நினைத்துவிடாதீர்கள். 1733-இல் ஒயினுக்கும் புகையிலைக்கும் கலால் வரி கொண்டுவரப்போய், ஊரே கொதித்து, மசோதாவைத் திரும்பப் பெற்றார். அப்புறம் எதிர்த்த பிரபுக்களை ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டார். செஸ்டர்ஃபீல்டுக்கு அரண்மனைப் பதவி போயிற்று, காபம் (Cobham) பிரபுவுக்கு அவருடைய ராணுவ ரெஜிமெண்டே போயிற்று.

சட்டம் எது என்று கேட்டீர்கள். எதுவுமில்லை. 1905-இல்தான் அரசு விழாக்களின் மரியாதை வரிசையில் பிரதமருக்கு ஓர் இடம் கிடைத்தது, பிரதமருக்குச் சம்பளம் என்று சட்டத்தில் எழுதியது 1937-இல். டவுனிங் தெரு 10-ஆம் எண் வீட்டை இரண்டாம் ஜார்ஜ் வால்போலுக்கே சொந்தமாகக் கொடுக்க வந்தார். எனக்கு வேண்டாம், கருவூலப் பதவியில் இருப்பவருக்கு என்று வாங்கி, 1735-இல் குடிபோனார். (அதற்கு முன் அங்கே ஒரு பகுதியில் இருந்தவர் பெயர் சிக்கன். பாவம், பெயரைத் தவிர அவரைப் பற்றி வேறொன்றும் மிஞ்சவில்லை.) இன்றைக்கும் அந்தக் கறுப்புக் கதவில் கடிதம் போடும் பித்தளைத் தகட்டில் ‘கருவூலத்தின் முதல் பிரபு’ என்றுதான் இருக்கிறது, பிரதமர் என்று இல்லை.

ஆனால் அமைச்சரவை என்பது வேறு கதை, உங்கள் ஆசிரியரின் கதை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறது. அது எப்போது உருவானது என்று தெரியவேண்டுமானால், அமைச்சர்கள் பதவிக்கு வந்ததைப் பார்க்காதீர்கள், போனதைப் பாருங்கள். 1742 ஜனவரியில் நோயாளிகளைக்கூடத் தூக்கிவந்து வாக்களிக்க வைத்தார்கள். ஒரு தேர்தல் வழக்கில் ஒரே வாக்கில் தோற்று, சில நாளில் வால்போல் விலகினார். அவர் மட்டும்தான். அவருடைய சக அமைச்சர்கள் நியூகாசிலும் ஹார்ட்விக்கும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

நான்கே வருடத்தில் வேறு காட்சி. வில்லியம் பிட்டுக்குப் போர்த்துறைச் செயலர் பதவி தர இரண்டாம் ஜார்ஜ் மறுக்கிறார், 1746 பிப்ரவரியில் அப்போதைய பிரதமர் ஹென்றி பெல்ஹாமும் சகாக்களும் கூட்டமாக ராஜினாமா செய்கிறார்கள், மன்னர் வேறு இருவரை வைத்து ஆட்சி அமைக்கப் பார்க்கிறார், ஆள் சேரவில்லை, இரண்டே நாளில் பழையவர்களைத் திரும்பக் கூப்பிடவேண்டியதாயிற்று. இந்தப் பிட்டின் தாத்தா நம் ஊருக்குத் தெரிந்தவர்: 1698 முதல் 1709 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட். இங்கே வாங்கிய வைரத்தை பிரான்ஸ் அரச குடும்பத்துக்கு விற்றுப் பெரும்பணம் பார்த்தவர். பேரன் நாடாளுமன்றத்துக்குள் வந்ததும் குடும்பத்தின் கையில் இருந்த ஓல்டு சேரம் தொகுதி வழியாக. குடியிருக்க ஆளில்லாத மேடு அது, இரண்டு உறுப்பினர்!

1782 மார்ச்சில், அமெரிக்கப் போர் கைவிட்டுப்போன பிறகு, பிரதமர் நார்த் பிரபு சபையில் ராஜினாமாவை அறிவித்தார். குளிர் இரவு. விவாதம் விடிய விடியப் போகும் என்று நினைத்து எல்லோரும் வண்டிகளை அனுப்பிவிட்டார்கள், அவருடைய வண்டி மட்டும் வாசலில் நின்றது. ரகசியம் தெரிந்திருப்பதில் இதுதான் லாபம் என்று கிண்டலாகச் சொல்லிவிட்டு ஏறிப் போனாராம். அவரோடு அமைச்சரவையும் போயிற்று, நீதித்துறைக்குத் தலைவரான லார்டு சான்சலர் தர்லோ ஒருவரைத் தவிர. நான் மன்னரின் ஆள், இவர்களோடு ஏன் போகவேண்டும் என்பது அவர் போக்கு. பத்து வருடம் கழித்து, சென்னை கவர்னரின் கொள்ளுப்பேரன் இளைய பிட் பிரதமராக இருக்கும்போது, அரசின் கடன் மசோதாவையே பிரபுக்கள் சபையில் தாக்கிப் பேசினார் தர்லோ. அவரா நானா என்று பிட் மன்னருக்கு எழுதினார். மூன்றாம் ஜார்ஜ் தன் ஆளை வீட்டுக்கு அனுப்பினார்.