மக்கடாமியா: இலைச் சோதனையில் காய்ப்பு தெரியுமா?

கேள்வி: தாண்டிக்குடியில் காப்பிக்கு நடுவே, விதையில் வந்த 40 மக்கடாமியா (கெட்டி ஓட்டுக்குள் பருப்பு தரும் மரம்) கன்றுகள் நிற்கின்றன. மூன்று வயது. இலையில் டிஎன்ஏ சோதனை செய்து, நன்றாகக் காய்க்கப்போகிறவற்றை மட்டும் இப்போதே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முடியாது. அதற்காக இப்போது பணம் கட்ட வேண்டாம். ஒரு மரம் என்ன ரகம், எதற்கும் எதற்கும் பிறந்தது என்பதைச் சோதனை சொல்லும். எவ்வளவு காய்க்கும் என்பதைச் சொல்லாது.

பாதாமில் கசப்பை ஒரே மரபணு தீர்மானிக்கிறது. நாற்றிலேயே கண்டு கழித்துவிடலாம். மக்கடாமியாவின் விளைச்சலோ பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து தருவது. ஆஸ்திரேலியாவில் நூற்றுக்கணக்கான மரங்களின் காயை எடைபோட்டு, அந்தக் கணக்கோடுதான் மார்க்கர்கள் எனும் டிஎன்ஏ அடையாளங்களைப் பொருத்துகிறார்கள். அந்தக் கணக்கு உங்கள் கன்றுக்கு அப்படியே செல்லாது. மார்க்கர் என்பது மரபணுவுக்குப் பக்கத்தில் நட்ட எல்லைக்கல் மாதிரி. வேறு வம்சத்தில் அதே கல்லுக்குப் பக்கத்தில் வேறு குணம் இருக்கலாம்.

ஒட்டுக்கன்று வாங்கும்போது சோதனை பயன்படும். 741 என்ற ரகம் என்று அட்டை கட்டி வந்தது 741தானா என்று பார்க்கலாம். ஒப்பிட அந்த ரகத்தின் நம்பகமான மாதிரி ஆய்வகத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். முற்றிய இலை வேண்டாம், அதிலிருந்து சுத்தமான டிஎன்ஏ எடுப்பது கடினம். இளம் இலை இரண்டு மூன்று கிள்ளி, இலை எடையைப்போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லோடு (ஈரம் உறிஞ்சும் மணிகள்) உறையில் போட்டு மூடுங்கள். ஜெல் நிறம் மாறினால் புதிதாக மாற்றுங்கள். ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்து மாதிரி வீணாகும். முக்கியமாக, ஒட்டுக்கு மேலே வந்த தளிர்தானா என்று குனிந்து பாருங்கள். கீழே கிளைத்ததைக் கிள்ளினால் வேர்ச்செடியின் முடிவுதான் வரும், நல்ல கன்றைப் போலி என்று பிடுங்கிப் போடுவீர்கள்.

உங்கள் 40 கன்றுகளுக்கும் எண் தகடு கட்டுங்கள். விதைக்கன்று காய்க்க ஏழெட்டு வருடமாகும். காய்த்ததும் தானாக உதிர்ந்ததை மட்டும் பொறுக்கி, அன்றே மேல்தோலை உரியுங்கள். நிழலில் இரண்டு மூன்று வாரம் காயட்டும். பிறகு 40 டிகிரியில் தொடங்கி மெதுவாகச் சூடேற்றுங்கள். ஈரக்காயை எடுத்தவுடன் அதிகச் சூட்டில் வைத்தால் பருப்பு நடுவில் பழுப்பு நிறமாகிவிடும். குலுக்கினால் ஓட்டுக்குள் பருப்பு கடகடவென்று ஆட வேண்டும். அப்போது உடையுங்கள். ஓட்டோடு 100 கிராமுக்குப் பருப்பு எத்தனை கிராம் என்று மரவாரியாக எழுதிவையுங்கள். பருப்பைத் தண்ணீரில் போட்டு மிதப்பதையும் எண்ணுங்கள். மிதந்தால் எண்ணெய் 72 சதவீதத்துக்குக் குறையாது.

மூன்று பருவம் பார்த்தும் 30 கிராமைத் தாண்டாத மரத்தைத் தலைவெட்டி, தெரிந்த ரகத்தை ஒட்டிவிடுங்கள்.