தொப்பை, வயசு, மூச்சு: நெஞ்சக நோய் மருத்துவர் பதில்கள்

வயது 62, எடை 91 கிலோ. ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. காரணம் வயதா, எடையா?

உயரத்தை எழுதவில்லையே ஐயா! ஆறடி ஆளுக்கு 91 வேறு, ஐந்தடி ஆளுக்கு 91 வேறு. பெரும்பாலும் இரண்டும்தான். இருபத்தைந்து வயசுக்கு மேல் எஃப்.இ.வி.1, அதாவது பலமாக ஊதும்போது முதல் நொடியில் வெளியேறும் காற்று, ஆண்டுக்கு 30 மி.லி. வாக்கில் இறங்கும். 62-க்குள் ஒரு லிட்டர் போயிருக்கும். சிகரெட் பிடிப்பவருக்கு இன்னும் வேகமாக இறங்கும். நுரையீரல் தளர்கிறது, விலாக்கூடு இறுகுகிறது, வெளியேறாமல் உள்ளே தங்கும் காற்று கூடுகிறது. இது போதாதென்று தொப்பை கீழிருந்து உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. வயசை நான் குறைக்க முடியாது, தொப்பையை நீங்கள் குறைக்கலாம். ஆனால் முதலில் ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்), ஹீமோகுளோபின் மூன்றையும் பாருங்கள். எப்போதும் சொல்வதுதான்: இதயத்தைப் பார்க்காமல் நுரையீரல்மேல் பழி போடாதீர்கள்.

கொரோனா சமயத்தில் வாங்கிய மூன்று பந்து கருவியைத் தினமும் ஊதுகிறேன். ஒரு பந்துகூட ஏறவில்லை.

ஊதினால் எப்படி ஏறும்? உறிஞ்ச வேண்டும். அட்டையில் படமே போட்டிருக்குமே. எடையால் வரும் இளைப்புக்கு அதைவிட நடை நல்லது.

அம்மாவுக்கு 71 வயது, குள்ளம், ஐந்தடிகூட இல்லை, நல்ல பருமன். ஸ்பைரோமெட்ரியில் (ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை) 'அடைப்பு, நுரையீரல் வயது 94' என்று வந்திருக்கிறது. பயந்துபோய் இருக்கிறோம். இரண்டு இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டை இணைத்ததற்கு நன்றி. ஐந்தடிகூட இல்லை என்கிறீர்கள். ரிப்போர்ட்டிலோ உயரம் 160 செ.மீ., அதாவது ஐந்தேகால் அடி. யாரும் அளக்கவில்லை. 'எவ்வளவும்மா இருப்பீங்க?' என்று கேட்டுத் தட்டியிருக்கிறார்கள். வயது, ஆணா பெண்ணா, உயரம் இந்த மூன்றையும் வைத்துத்தான் இயந்திரம் எதிர்பார்ப்பு அளவைப் போடுகிறது. உயரத்தில் பத்து சென்டிமீட்டர் தூக்கிக் கொடுத்தால், நல்ல நுரையீரலின் சதவீதமும் தரையில் கிடக்கும். 'நுரையீரல் வயது' என்பதும் அந்தக் கணக்கில் பிறந்த பிள்ளைதான், கிழித்துப் போடுங்கள். லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊத வைத்து, நுரையீரலின் கொள்ளளவு உயரத்தோடு கூடும், வயசோடு குறையும் என்று 1846-லேயே எழுதிவிட்டார். இன்றும் நம் லேபுகளில் ஒரு டேப் வாங்க மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றி, சுவரோடு நிற்க வைத்து அளக்க அரை நிமிடம் ஆகுமா? முதுகு கூனியிருந்தால் இரு கைகளையும் விரித்து, விரல் நுனிக்கு விரல் நுனி அளக்க வேண்டும். அதை எந்த லேபில் செய்கிறார்கள்?

அடுத்தது அந்த அடைப்பு. முதல் நொடியில் ஊதிய காற்றை மொத்தமாக ஊதிய காற்றால் வகுத்த விகிதம் 0.68 என்றிருக்கிறது. 0.70-க்குக் கீழே போனால் அடைப்பு என்பது எல்லா வயதுக்கும் ஒரே கோடு. எழுபதைத் தாண்டியவருக்கு 0.68 இயல்பாகவே இருக்கலாம். பருமன் மட்டும் காரணமென்றால் விகிதம் பெரும்பாலும் கெடாது, வகுத்த அந்த இரண்டு அளவும் சேர்ந்து கொஞ்சம் இறங்கும். வரைபடத்தைப் பாருங்கள். மூன்று முறை ஊதிய மூன்று கோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். அம்மாவுடையது மூன்றும் மூன்று திசையில் போகிறது. இரண்டாவதில் நடுவில் இருமியிருக்கிறார், கோடு பல் பல்லாக இருக்கிறது. இதை வைத்து ஆயுள் முழுக்க இன்ஹேலரா?

அதற்காக இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளந்து, சரியாக ஊத வைத்து, மருந்து கொடுத்த பிறகும் ஒருமுறை ஊத வைக்கும் இடத்தில் திரும்ப எடுங்கள். எத்தனை வருஷம் விறகடுப்பில் சமைத்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நிஜமாகவே சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய்) இருக்கவும் கூடும். எக்கோ எடுத்தாயிற்றா?

பி.எம்.ஐ. 27. இது பருமன் இல்லையே?

நம்மவர்களுக்கு 25-லேயே பருமன். இடுப்பையும் அளங்கள்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. மூச்சுக்கு எதிரி தொடைக் கொழுப்பைவிட வயிற்றுக் கொழுப்பு.

கணவர் 112 கிலோ. குறட்டை நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது. காலையில் தலைவலி, கார் ஓட்டும்போதே கண் சொக்குகிறது. வீட்டில் ஆக்சிஜன் வாடகைக்கு எடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். முதலில் கார் சாவியை வாங்கி வையுங்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் அது இன்னும் ஏறலாம். இந்த வாரமே தூக்கப் பரிசோதனையும் ரத்த வாயுப் பரிசோதனையும் செய்யுங்கள். தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கும் சிபாப் மாதிரி ஒரு கருவி தேவைப்படலாம்.

இளைப்புக்கு மருந்துக்கடையில் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரை அருமையாகக் கேட்கிறது. எட்டு மாதமாகப் போடுகிறேன். எடைதான் ஏறுகிறது.

ஸ்டீராய்டாக இருக்கும். எடை ஏறாமல் என்ன செய்யும்? ஏறிய எடை மறுபடி இளைப்பில் விடும். ஆனால் எட்டு மாதம் போட்டதைச் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. மாத்திரை அட்டையோடு நாளையே மருத்துவரிடம் போங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

எவ்வளவு எடை குறைத்தால் மூச்சில் வித்தியாசம் தெரியும்?

90 கிலோ ஆளுக்கு ஐந்து முதல் ஒன்பது கிலோ குறைந்தாலே படியேறும்போது தெரிய ஆரம்பிக்கும்.

68 வயது, பருமன். ஃப்ளூ ஊசி தேவையா?

தேவை. ஆண்டுதோறும் போடுங்கள். நிமோனியா ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.